அஞ்சாளையின் வாய்

“இது ஆறாவது தரம். பீரங்கியைக் காணாமலே மேல வந்திட்டன்,” என்றார் குலவீரசிங்கம்.

படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடிதான் சொன்னார்.

ஐம்பதை நெருங்கும் வயது. டொரொன்டோவிலிருந்து திருகோணமலைக்கு அவர் வந்ததே அந்தப் பீரங்கிக்காக. இரண்டாம் உலகப் போரில் கடலடிக்குப் போன கப்பலின் பீரங்கி அது. கப்பல் துறைமுகத்தில் நின்ற காலத்தில் அவருடைய அப்பப்பா அந்தப் பீரங்கிக்குக் கிறீஸ் பூசியவர். ஒருமுறை தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

றெஜினா அவர் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். கடலுக்கடியில் சுழியோடக் கற்றுக்கொடுப்பவள், முப்பத்தொரு வயது. அவள் அவரை அண்ணை என்பாள். அவர் அவளை ரீச்சர் என்பார்.

குற்றம் சிலிண்டரில் என்பது அவர் கட்சி. மற்றவர்களுக்கு ஐம்பது நிமிடம் வருகிற காற்று தனக்கு இருபதிலே முடிகிறது, எங்கேயோ ஓட்டை. றெஜினா தன் சிலிண்டரையே கொடுத்துப் பார்த்தாள். அதுவும் இருபதில் முடிந்தது.

அப்படியென்றால் இரண்டிலும் ஓட்டை என்றார்.

நீருக்கடியில் அவர் காற்றை மிச்சம் பிடிப்பார். அடக்க வேண்டாம் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும் மூச்சை இறுக்கி வைப்பார். முடியாமல் போகும்போது நாலு மூச்சை ஒன்றாக வாரி இழுப்பார். பத்து நொடிக்கு ஒருமுறை, மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்ப்பார்.

மறுநாளோடு சுழியோடுகிற காலம் முடிகிறது. பிறகு கடல் கலங்கிவிடும். சனிக்கிழமை அவருக்கு விமானம்.

“நாளைக்குப் பீரங்கி வேண்டாம்,” என்றாள் றெஜினா. “அஞ்சாளையைப் பாப்பம்.”

“பாம்பு மாதிரி இருக்குமே, அந்த மீனோ?”

“அதுதான். ஓயாமல் வாயைத் திறந்து திறந்து மூடும். எத்தனை தரம் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ.”

இவ்வளவு தூரம் பறந்து வந்தது மீன் வாயை எண்ணவா என்று கரை வரும்வரை அவர் புறுபுறுத்தார்.

மறுநாள் நங்கூரக் கயிற்றோடு இறங்கினார்கள். கயிறு முடிந்த இடத்தில், பாசியும் பவளமும் மூடிய தூண் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் நுனிப் பொந்திலிருந்து அஞ்சாளை தலையை நீட்டியது. அவர் ஒரு முழம் தள்ளித் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மீட்டரை றெஜினா தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்கு அவருடைய பழைய மேலாளரின் முகம். ஏதோ சொல்ல வாயெடுப்பதும், வேண்டாமென்று விடுவதும். அறுபதைத் தாண்டியபோது அவர் அதற்குப் பதில் யோசிக்கத் தொடங்கியிருந்தார். நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை நழுவியது.

அதற்குப் பிறகு வாயைத் திறந்து மூடி அதுவும் மூச்சு விட்டது, அவரும் விட்டார்.

றெஜினா தோளைத் தட்டி எழுதுபலகையை நீட்டினாள். எத்தனை?

மறந்துபோனன், என்று எழுதினார்.

மீட்டரைக் காட்டினாள். நாற்பது நிமிடம் போயிருந்தது. காற்று இன்னும் இருந்தது.

பலகையைப் பறித்து அவசரமாக எழுதினார். பீரங்கி?

அவள் தூணைப் பிடித்திருந்த அவருடைய கையைச் சுட்டினாள்.

பொந்து அவ்வளவு வட்டமாக இருந்ததை அப்போதுதான் கண்டார்.

படகில் வெகுநேரம் அவர் பாசியில் வழுவழுத்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“ஆறு தரம் இந்தப் பீரங்கியைத் தாண்டிப் போயிருக்கிறன். ஏன் ரீச்சர் சொல்லேல்லை?”

“முதல் நாளே காட்டினனான், அண்ணை. நீங்கள் மீட்டரைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள்.”