மண்ணில்லாத குப்பி

"மண்ணு பிடிச்சுக்கிச்சும்மா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சடையப்பன் குப்பியைத் தமயந்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சீடர் சடையப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு தமயந்திக்கு முப்பதுகூட நிறையவில்லை. மண்ணைச் சோதிக்கும் வித்தையில் வயசுக்கு என்ன வேலை?

தமயந்தி குப்பியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். பெயிண்டு கம்பெனிக்காரன் எவனோ ஊருணிக் கரையில் ஈயச் செந்தூளைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். மழையில் அது தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அதோடு ஊரே ஊருணியை விட்டது. சடையப்பன் மருமகள் நிறைமாத வயிற்றோடு அடுத்த ஊருக்குக் குடம் தூக்கிப் போகிறாள்.

ஊருணி மண் அந்தத் தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று ருசுவாகிவிட்டால் போதும். ஊர்க்கூட்டத்தில் சொல்லித் திறந்துவிடலாம்.

அதற்காகத்தான் சடையப்பன் ஊருணிச் செம்மண்ணையும் செந்தூளையும் குப்பியில் போட்டுத் தண்ணீர் விட்டு, தோள்பட்டை கழன்று விழுமளவுக்குக் குலுக்கினார். தெளியவிட்டார். மேல்தண்ணீரை வடிகட்டி மருந்து விட்டார். ஈயம் இருந்தால் கறுக்க வேண்டிய தண்ணீர், கறுக்கவே இல்லை.

"அவ்வளவு தூளும் எங்க போச்சு? மண்ணுதானே முழுங்கியிருக்கு?"

குரு இன்னொரு குப்பியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

சடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் சொல்லாவிட்டால் தானே கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதாகவும், குருவைக் கேட்டுத்தான் ஊர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றும் பொரிந்து தள்ளினார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள் தமயந்தி. "அதுக்கு முன்னாடி இதையும் ஒருக்காக் குலுக்கிடுங்க."

அவள் நீட்டிய குப்பியில் செந்தூள் இருந்தது. தண்ணீர் இருந்தது.

"மண்ணைக் காணோமே?"

"ஆமா."

"மண்ணு இல்லாம எதும்மா பிடிக்கும்?"

"அதான் எனக்கும் தெரியலண்ணே."

கிண்டலா, நிஜமா? அந்த முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சடையப்பன் வீம்புக்கே குலுக்கினார். இந்தத் தண்ணீர் கரிக்கட்டையாகக் கறுக்கட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கினார்.

தெளியவிட்டார். வடிகட்டினார். மருந்து விட்டார்.

கறுக்கவில்லை.

இன்னும் இரண்டு சொட்டு விட்டார். அப்போதும் கறுக்கவில்லை.

குப்பியின் அடியைப் பார்த்தார். போட்ட தூள் போட்டபடி கிடந்தது. கரைந்திருந்தால்தானே பிடிப்பதற்கு! முதல் குப்பியிலும் இப்படித்தான் கிடந்திருக்கும். செம்மண்ணுக்குள் செந்தூள் கிடந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

லேசாக அசைத்தார். தூள் புகைபோல மேலே எழும்பியது. தண்ணீர் முழுக்கச் சிவந்தது.

அவர் கண்ணுக்கு ஒரு குடம் தெரிந்தது. ஊருணியில் முக்கும்போது அடித்தூளையும் கிளப்பி எடுக்கிற குடம்.

நிமிர்ந்து பார்த்தபோது தமயந்தி அங்கே இல்லை. உள்ளே வேறு வேலையைப் பார்க்கப் போயிருந்தாள்.

மறுநாள் கூட்டம் ஊருணிப் படித்துறையிலேயே கூடியது. பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள், மருமகளும்தான். நல்ல சேதி வரப்போகிறதென்று யாரோ முன்கூட்டியே ஊதிவிட்டிருந்தார்கள். வேறு யார், சடையப்பன் வாய்தான்.

வளவளவென்று வேண்டாம், மண் பிடிக்குமா பிடிக்காதா, ஒரே வார்த்தையில் சொல் என்று சடையப்பனைக் கேட்டார் தலைவர்.

"தெரியாது."

கூட்டம் சிரித்தது. சடையப்பன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். குலுக்கிக் குலுக்கி மூளையும் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்றார் பின்னாலிருந்து ஒருவர். நாலைந்து குடங்கள் படியிறங்கக் கிளம்பின.

சடையப்பன் போய் நடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியற வரைக்கும் ஒரு குடமும் இறங்காது. இறங்கணும்னா என்னை மிதிச்சுக்கிட்டு இறங்குங்க."

மருமகள்தான் முன்னால் நின்றாள். இடுப்புக் குடத்தை இறக்கிப் படியில் வைத்தாள். அவளை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏய்யா, தெரியாதுன்னு சொல்லவா இத்தனை நாளாக் குப்பியைக் குலுக்குன?"

"இல்லைங்க தலைவரே. தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதை நிறுத்தத்தான் இத்தனை நாளாச்சு."