தேடி வருபவரின் மூட்டை

சுட்டமலையைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்களுக்குத்தான் அந்த மடத்தில் துறவிகள் உடுத்தும் துவராடை கொடுப்பார்கள். பெயருக்கு நாலு தூறல் விழுந்து, சுனைகளில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, வெயிலும் தணிந்திருக்கிற ஐப்பசி ஒன்றுதான் அதற்குத் தோதான மாதம். கோடையில் போனால் பாறை சுட்டுக் கொல்லும். மார்கழியில் போனால் பனி கொல்லும்.

சேந்தருக்கு அறுபத்தொரு வயது. மடத்துக்கு வருமுன் முப்பது ஆண்டு வணிகர்களையும் ஒட்டகங்களையும் பாலைவழியே நடத்திக் கூட்டிப்போனவர். ஓர் ஒட்டகத்தைக்கூடப் பறிகொடுக்காதவர் என்று பெயர். அந்தப் பெயரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான். இப்போது மேடு ஏறினால் வலது முழங்கால் கரகரவென்றது. அடுத்த ஐப்பசிக்கு அது தாங்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

குரு உமையாள் அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் முன்னால் மணலைப் பரப்பி, குச்சியால் மலையைக் கீறிக் காட்டினார் சேந்தர்.

"ஏழு நாள் நடைம்மா. முதல் மூணு நாளும் பொழுது சாயற இடத்துல ஒரு சுனை. நாலாம் நாள் தண்ணியில்லாத கணவாய். அதுக்காகத் தோல்பை ரெண்டு. வறுத்த மாவு, பேரீச்சை, கம்பளி ஒண்ணு. அதுக்கு மேல ஒரு குன்றிமணிகூடத் தூக்கறதா இல்லை."

"பாதை சரி. போயிட்டு வாங்க. நீங்க வந்ததும் நானும் ஒரு சுற்றுப் போகணும், பனி இறங்கறதுக்குள்ள," என்றார் அம்மை. "எத்தனை கல்லு?"

மடத்து வாசலில் ஒரு தட்டைப் பாறை உண்டு. மலைக்குப் போகிறவர் எத்தனை நாளில் திரும்புவாரோ அத்தனை கல்லை அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் கிளம்பிய மறுநாளிலிருந்து விடியலுக்கு ஒன்றாக எடுப்பார்கள். கடைசிக் கல்லை எடுத்தும் ஆள் வரவில்லையென்றால், அந்த விடியலிலேயே ஒருவர் தேடிப் புறப்பட வேண்டும்.

"ஏழு," என்றார் சேந்தர். பிறகு, "எனக்காக யாரும் வர வேண்டாம்மா. தனியாப் போறவனுக்குத் தேட ஆள் எதுக்கு? என் உயிர், என் பாடு."

அம்மை அடுக்களைப் பக்கம் திரும்பி, "அழிசி!" என்று கூப்பிட்டார்.

மடத்துச் சமையற்காரர் அழிசி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். குட்டையான, பருத்த மனிதர். பத்தடி ஓடியதற்கே மூச்சு வாங்கியது. வற்றல் காயப்போட மாடிக்கு ஏறச் சொன்னாலே தலை சுற்றுகிறது என்பார்.

"சேந்தர் வரலைன்னா நீ தேடிப் போறே," என்றார் அம்மை.

அழிசி மலையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "சரிம்மா," என்றார்.

"இவரா?" சேந்தர் எழுந்தேவிட்டார். "இவர் எப்படிம்மா மலையேறுவார்? முதல் சரிவுலயே செத்துப்போவார்!"

"ஆமா," என்றார் அம்மை. "அதனால அவர் மூட்டையையும் நீங்களே கட்டுங்க. பார்த்துக் கட்டுங்க."

சேந்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் குருவின் சொல். அன்று பகல் முழுக்கத் தம் மூட்டையை விட்டுவிட்டு அழிசியின் மூட்டையோடு மல்லுக்கட்டினார். தோல்பை ரெண்டு போதாது, நாலு வேண்டும். தேடுகிறவருக்கும் தண்ணீர் வேண்டும், தேடப்படுகிறவருக்கும் வேண்டுமே. ஒடிந்த காலைக் கட்ட மூங்கில் பட்டை. கம்பளி இரண்டு. அம்மை வந்து பார்த்துவிட்டு, "வெள்ளைத்துணி எட்டு முழம்," என்றார்.

"அது எதுக்கும்மா?"

"கண்டுபிடிக்கறப்போ நீங்க எப்படி இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சேந்தர் தம்மைச் சுற்றுவதற்கான துணியைத் தாமே முழம் போட்டுக் கிழித்து மடித்து வைத்தார்.

மூட்டை அவருடையதைப்போல் இரு மடங்கு கனத்தது. வாரைத் தம் தோளில் மாட்டி அளந்திருந்தார். அழிசி மாட்டியதும் மூட்டை இடுப்புக்குக் கீழே தொங்கியது. இரண்டு விரற்கடை குறுக்கித் தைத்தார். அப்போதும் வார் அழிசியின் தோளை அறுத்தது. கம்பளியில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லாம இருக்குமா ஐயா?" என்றார் அழிசி. "நீங்கதான் ஏழாம் நாள் வந்துருவீங்களே."

சேந்தர் எட்டாவதாக ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு அம்மையிடம் போனார். "இன்னும் ஒண்ணு வெச்சுக்கட்டுமாம்மா?"

"வைங்க. கால் ஒடிஞ்சு கிடந்தீங்கன்னா இன்னும் ஒரு நாள் கிடப்பீங்க. அவ்வளவுதான்."

சேந்தர் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, ஏழையே வைத்தார். மறுநாள் விடியலில் கிளம்பினார்.

முதல் இரண்டு சுனைகளிலும் சொன்ன இடத்தில் சொன்னபடி தண்ணீர் இருந்தது. முழங்கால்தான் முணுமுணுத்தது. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் மூன்றாவது சுனைக்குப் போய்ச் சேர்ந்தார். சுனையில் வெடித்த சேறும் ஒரு காட்டாட்டின் எலும்பும் கிடந்தன.

தோல்பை ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம். அதை நம்பிக் கணவாய்க்குள் நுழைய முடியாது. ஆனால் சேந்தருக்கா வழி தெரியாது? தெற்கே பள்ளத்தில் இறங்கி மணலைத் தோண்டினால் ஊற்று வரும். அந்தப் பள்ளத்தில் ஒட்டகங்களுக்கே தண்ணீர் காட்டியவர் அவர். இறங்கி ஏற ஒரு நாள் ஆகும். அப்புறம் கணவாயைக் கடந்தால் பாதி மலை பின்னால் போய்விடும். மலையும் சுற்றியாகும், துவராடையும் கிடைக்கும். ஒரே ஒரு நாள்தான் பிந்தும்.

ஒரே ஒரு நாள்.

எட்டாம் நாள் விடியலில் அழிசி அந்த மூட்டையைத் தூக்குவார். தூக்காமல் இருக்க மாட்டார், சொன்ன சொல் மாறாத ஆள். இரண்டு விரற்கடை குறுக்கிய வார் சரியாகத் தோளில் உட்காரும். முதல் சரிவு வரும்.

சேந்தர் மலையைத் திட்டினார். அழிசியைத் திட்டினார். குருவென்றும் பாராமல் அம்மையையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டித் தொண்டை காய்ந்ததும் ஒரு மிடறு குடித்தார். அடக்க மாட்டாமல் அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில், பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், விக்கி விக்கி அழுதார்.

பிறகு வந்த வழியே திரும்பினார்.

இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். மூன்று நாள் வழிக்கு நாலு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் அந்தியில் மடத்து வாசலை வந்தடைந்தபோது பாறைமேல் ஒரே ஒரு கல் இருந்தது. அதன் அருகில் அழிசி மூட்டையை முதுகில் மாட்டி, செருப்பு வாரை இறுக்கிக் கட்டி, மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

சேந்தரைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டீங்களா ஐயா," என்றார்.

அம்மை வெளியே வந்தார்.

"மூணாவது சுனை வத்திப்போச்சும்மா. அங்கேயே திரும்பிட்டேன். சுத்தி முடிக்கலை." சேந்தர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இன்னொரு ஐப்பசி கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் அம்மை.

அழிசியின் முதுகிலிருந்து மூட்டையைக் கழற்றினார். "நீ போய் உலை வை. அவருக்குப் பசிக்கும்."

பிறகு அந்த மூட்டையைச் சேந்தரின் தோளில் மாட்டினார். வார் குட்டையாக இருந்தது. குறுக்கித் தைத்திருந்த இரண்டு விரற்கடையையும் பிரித்துத் தளர்த்தினார். குனிந்து ஒவ்வொன்றாக ஆறு கல் பொறுக்கி, பாறைமேல் இருந்த ஒன்றோடு சேர்த்து வைத்தார்.

"நாளன்னைக்கு நான் கிளம்பறேன்," என்றார்.

சேந்தர் கற்களைப் பார்த்தார். தம் தோளில் இருந்த வாரைப் பார்த்தார்.

"நானா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு உங்களைத் தேடி வந்தா, நான் உயிரோட திரும்ப மாட்டேன்மா!"

"ஆமா," என்றார் அம்மை, வாரின் முடிச்சை இறுக்கியபடி. "ஏழாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்."