பதினோரு நொடி மாப்பிள்ளை

சிவகாசிக்குத் தெற்கே வேப்பிலாங்குளம் என்று ஓர் ஊர். அங்கே புத்திக்குப் பஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் புத்தி இருக்கிறது, அதைச் செலவழிக்கத்தான் மனசு வராது. அந்த ஊர்க்காரன்தான் திருமேனி, சினிமாவில் நடித்தவன்.

நடித்தவன் என்று சொன்னது அவன் மட்டும்தான். படத்தின் பெயர் ‘அதிசய எழுவர்’. ஏழு சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி போட்டு உலகத்தைக் காப்பாற்றுவார்கள். ஒருவன் பறப்பான், ஒருவன் நெருப்பைக் கக்குவான், ஒருத்தி மலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஏழாவது ஆள் மாயன், கண்ணுக்கே தெரியமாட்டான். அந்த மாயன்தான் நம்ம திருமேனி. படம் நீளமாகிவிட்டது என்று தயாரிப்பாளர் கத்தரிக்கோலை எடுத்தபோது, “தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா இருபது நிமிஷம்?” என்று மாயனை முழுசாகத் தூக்கிவிட்டார். ஆறு பேரோடு படம் ஓடியது. ஏழாவது ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர் வேலாயுதம் மட்டும் கேட்டார். அவர் மகள் அரசி என்கிற மங்கையர்க்கரசியைத்தான் திருமேனி கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் சம்மதம்.

“தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் நெலத்த அளந்தவன். சங்கிலியப் போட்டுப் பாக்காம எல்லைக்கல்லுகூட நட்டதில்ல. நடிச்சேங்கிறீங்க, படத்துல உங்க மூஞ்சியக் காணோம். ஒண்ணு மூஞ்சியக் காட்டுங்க, இல்ல பொய் சொன்னேன்னு ஒத்துக்கங்க. பொய்யனுக்கு எம்பொண்ணு கெடையாது” என்றார்.

திருமேனிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொல்பவனுக்காவது ஒரு தைரியம் இருக்கும். செய்ததை நிரூபிக்க முடியாதவன் பாடு பெரும்பாடு.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. டைரக்டர்ஸ் கட் வருகிறதாம். அதாவது, தயாரிப்பாளர் தூக்கிப் போட்டதையெல்லாம் டைரக்டர் பொறுக்கிச் சேர்த்த முழுப் படம், நாலு மணி நேரம். மாயன் வரும் இருபது நிமிஷமும் அதில் உண்டு. கடைசியில் மாயன் உலகத்துக்காகத் தன் சக்தியை விட்டுக்கொடுப்பான். அப்போது பதினோரு நொடி அவன் முகம் திரை முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கமலர் தியேட்டரில் ஒரே ஒரு காட்சி.

சேதி பரவியதும் ஊரில் மாயன் ரசிகர் மன்றம் முளைத்தது. தலைவர் பால்பாண்டி, செயலாளர் சங்கிலி, பொருளாளர் காத்தமுத்து. உறுப்பினர் என்று ஒச்சு ஒருவன்தான். நாலு பேரும் தங்கமான பிள்ளைகள். சொன்னதைச் செய்வார்கள், சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

திருமேனி அவர்களை உட்காரவைத்து விவரமாகச் சொன்னான்.

“ஏப்பா, சர்வேயரு படம் முடியிற வரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்கவே கூடாது. பாதியில போயிட்டாருன்னா எம் பொழப்பு போச்சு.”

“எந்திரிக்க மாட்டாரு தலைவா” என்றான் பால்பாண்டி.

“எம் மூஞ்சி வர்றப்ப தியேட்டரே எந்திரிச்சு நிக்கணும்.”

“நிக்கும் தலைவா.”

“அந்த நேரம் எவனாவது திரைய மறைச்சான்னா, தூக்கி வெளிய போட்டுருங்க.”

சங்கிலி செயலாளர் ஆயிற்றே, எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்வான். “யாரா இருந்தாலுமா தலைவா?”

“யாரா இருந்தாலும்!” என்றான் திருமேனி. பாவம், ஆத்திரத்தில் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலமே கட்-அவுட் பிரச்சினை கிளம்பியது. மற்ற ஆறு பேருக்கும் தியேட்டர் வாசலில் கட்-அவுட் வைத்தாயிற்று. மாயனுக்கு எப்படி வைப்பது?

“திருமேனி அண்ணன் படத்தப் பெருசா வரைஞ்சிருவோம்” என்றான் காத்தமுத்து.

“வெவரங்கெட்டவனே, மாயன் கண்ணுக்குத் தெரியமாட்டாரு. கட்-அவுட்ல தெரிஞ்சா அது மாயனா?” என்றான் பால்பாண்டி.

“அப்ப வெறும் சாரம் மட்டும் கட்டுவோம். அதுக்குள்ள அவரு இருக்காருன்னு வச்சுக்குவோம்.”

“எத்தன அடி?”

“நாப்பது. மத்தவுகளுக்கு முப்பத்தஞ்சுதான். நம்ம ஆளு குட்டையாத் தெரியக் கூடாதுல்ல?”

நாற்பதடிக்கு மூங்கில் சாரம் எழும்பியது. ஞாயிறு காலை ஒச்சு பால் குடத்தோடு மேலே ஏறினான். கீழே நின்ற மூவரும் அண்ணாந்து பார்த்து, தலை எங்கே இருக்கும் என்று வாக்குவாதம் செய்தார்கள். குடத்தைச் சரியாகத் தலைக்கு நேராகப் பிடிக்காவிட்டால் பால் தோளில் விழுந்து அபசாரம் ஆகிவிடும். ஒரு சாண் இடது பக்கம், அரைச் சாண் பின்னால் என்று சொல்லிச் சொல்லி, ஒருவழியாக ஊற்றினான் ஒச்சு. கட்-அவுட் என்று ஒன்று இருந்திருந்தால் பால் அதன் மேல் விழுந்திருக்கும். இல்லாததால் நேராகக் கீழே வந்து, டிக்கெட் வரிசையில் நின்ற சர்வேயர் வேலாயுதத்தின் உச்சந்தலையில் விழுந்தது.

“என்னய்யா இது?”

“அபிஷேகம் சார். உங்களுக்கில்ல, உங்க மேல நிக்கிறவருக்கு” என்றான் பால்பாண்டி பணிவாக.

சர்வேயர் மேலே பார்த்தார். யாரும் இல்லை. திருமேனி ஓடிவந்து துண்டால் துடைத்துவிட்டு, கையோடு உள்ளே கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். விளக்கு அணைந்ததும், காத்தமுத்து குனிந்து சர்வேயரின் வேட்டி நுனியை நாற்காலிக் காலோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டான். எந்திரிக்கக் கூடாது என்பது உத்தரவு அல்லவா? இது திருமேனிக்கும் தெரியாது, சர்வேயருக்கும் தெரியாது.

படம் ஓடியது. கதவு தானாகத் திறந்தது, டம்ளர் தானாக எழும்பியது, வில்லன் கன்னத்தில் தானாக அறை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் திருமேனி, “நான்தாங்கய்யா, நான்தாங்கய்யா” என்றான்.

“டம்ளர்தான் தெரியுது” என்றார் சர்வேயர்.

மூன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பதினோரு நொடி வந்தது. மாயன் சக்தியைத் துறந்தான். திரையில் லேசாக ஒரு நெற்றி தெரிந்தது, அவ்வளவுதான். தியேட்டரே எழுந்து நின்றது. சிவகாசி அச்சகங்களில் மூட்டை மூட்டையாகப் பொறுக்கிவந்த காலண்டர் துண்டுக் காகிதத்தை நாலு பேரும் வாரி இறைத்தார்கள். முன்னால் ஐந்நூறு முதுகு, மேலே காகித மழை. எட்டிப் பார்க்கலாம் என்று சர்வேயர் எழப் பார்த்தார், முடியவில்லை. காகிதம் அடங்கியபோது திரையில் மலையைத் தூக்கும் அம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்க தம்பி?” என்றார் சர்வேயர்.

அரசி கைநழுவிப் போகிறாள் என்று திருமேனிக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேட்டர் அறைக்கு ஓடி, “ஒன்ஸ் மோர்! ஒரே ஒரு தடவை அண்ணே!” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். ஆபரேட்டரும் மனசு இரங்கிப் படத்தைப் பின்னால் தள்ளினார். இந்தத் தடவை விடக் கூடாது என்று திருமேனி நேராகத் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி, “எல்லாரும் உக்காருங்க! தயவுசெஞ்சு உக்காருங்க!” என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். காகிதமும் தீர்ந்துவிட்டது. திரையில் மாயன் முகம் பளிச்சென்று வந்தது.

“எவனோ மறைக்கிறான்டா” என்றான் ஒச்சு.

“அது நம்ம தலைவர்டா” என்றான் காத்தமுத்து.

“யாரா இருந்தாலும்னு உத்தரவு” என்றான் சங்கிலி.

“உத்தரவு போட்டது யாரு?”

“தலைவரு.”

“தலைவரு பேச்சத் தட்டலாமா?” என்று முடித்தான் பால்பாண்டி.

இந்த ஆலோசனைக்கு நாலு நொடி ஆனது. மீதி ஏழு நொடியில் நாலு பேரும் மேடைக்குப் பாய்ந்து, கையிரண்டும் காலிரண்டுமாகத் திருமேனியைத் தூக்கி, அவன் கத்தக் கத்த வெளியே கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டார்கள். சொன்ன வேலையைச் செய்த திருப்தியோடு உள்ளே திரும்பினார்கள்.

திருமேனி மண்ணைத் தட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் முடிந்தது என்று அழுகையே வந்துவிட்டது. படம் விட்டது. காத்தமுத்து யாருக்கும் தெரியாமல் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட, சர்வேயர் பால் வாடையோடு மெல்ல நடந்து வந்தார்.

“ஐயா, நான் பொய் சொல்லலைங்க” என்று எழுந்தான் திருமேனி.

“இனிமே ஐயா என்ன, மாமான்னு கூப்பிடுங்க மாப்பிள்ளை!” என்று சர்வேயர் அவனைக் கட்டிக்கொண்டார். “என்னா நடிப்பு! மத்தவனெல்லாம் துணியில ஒட்டுன மாதிரி தட்டையா இருக்கான். நீங்க மட்டும்தான் ஆளு அளவுல, மேடும் பள்ளமுமா, அப்படியே தொட்டுப் பாக்கலாம்போல வந்தீங்க. உலகத்துக்காகக் கையெடுத்துக் கெஞ்சுறீங்க, அந்த நாலு ரவுடிப் பயலுக குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போறானுக. டூப் போடாம நீங்களே பண்ணிருக்கீங்க! ஓடிவந்து காப்பாத்தலாம்னு பாத்தேன், எந்திரிக்க முடியல. படம் என்னைய அப்படிக் கட்டிப்போட்டுருச்சு.”

திருமேனி வாயைத் திறந்தான். அரசி முகம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான்.

“ஒரே ஒரு நிபந்தனை” என்றார் சர்வேயர். “அந்த நாலு ரவுடியும் கல்யாண மண்டபத்துக்குள்ள கால வைக்கக் கூடாது.”

பின்னால் நின்ற மன்றத்தார் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். தலைவரைத் தூக்கிய ரவுடிகளா? “நாங்க பாத்துக்கிறோம் சார்” என்று வாக்குக் கொடுத்தார்கள்.

தை மாதம் முகூர்த்தம். விடிந்ததிலிருந்து நாலு பேரும் கம்போடு மண்டப வாசலில் நின்றார்கள். நாலு பேராக யார் வந்தாலும் நிறுத்தினார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில் என்று வந்த மேளக்காரர்கள்கூட, ஒருவரை ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டு மூன்று பேராகத்தான் உள்ளே போக முடிந்தது. தாலி கட்டியதும் திருமேனி மாலையோடு வாசலுக்கு வந்தான்.

“சாப்பிட வாங்கப்பா.”

“அந்த நாலு பேரு இன்னும் வரல தலைவா. ஆளு எப்படி இருப்பானுகன்னும் நீங்க சொல்லல” என்றான் பால்பாண்டி.

திருமேனி நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். “உங்க நாலு பேரு மாதிரியேதான் இருப்பானுக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். “எனக்கு அப்பவே சந்தேகம்” என்று பால்பாண்டி எட்டி ஒச்சுவின் சட்டையைப் பிடித்தான். ஒச்சு சங்கிலியைப் பிடித்தான், சங்கிலி காத்தமுத்துவைப் பிடித்தான், காத்தமுத்து பால்பாண்டியைப் பிடித்தான். கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்து, மண்டபத்தைக் கழுவிவிடும்வரை ஒருவன்கூட இன்னொருவனை உள்ளே விடவில்லை.