குதித்துப் பார்த்த குமிழி

நெல்லைச் சீமையில் ஒரு பெரிய குளம். அதன் கரையோரக் கருவேல மரத்தில் குமிழி என்ற கூழைக்கடாக் குஞ்சு இருந்தது. பிறந்ததிலிருந்து கூட்டை விட்டு இறங்காத குஞ்சு அது. அம்மா மீன் கொண்டுவரும். குமிழி அம்மாவின் அலகுப் பைக்குள் தலையை விட்டு வயிறு முட்டத் தின்னும். சிறகு முளைக்கும்வரை அங்கே அதுதான் படிப்பு!

ஒரு நாள் காலை வானமே அதிரும்படி ஒரு கூச்சல்! தலையில் கறுப்புக் கோடு போட்ட வாத்துகள் கூட்டமாக வந்து குளத்தில் இறங்கின. அவற்றில் ஓர் இளவட்டம் மேய்ந்துகொண்டே மரத்தடிக்கு வந்தது.

"ஏய்! நீ எந்த ஊரு?" என்று குமிழி கழுத்தை நீட்டிக் கத்தியது.

"என் பேரு நரான்! மங்கோலியாவிலிருந்து வர்றேன். இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்தோம்!"

"அம்மாடி! அதுக்கு என்ன படிச்சே?"

"எங்க ஊர்ல முட்டையை விட்டு வந்த கையோட பாறை உச்சியிலேர்ந்து குதிக்கணும்! அம்மா கீழே நின்னு கூப்பிடுவாங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தொப்புனு குதிச்சேன்! உடனே நடை, நீச்சல், மேய்ச்சல். எல்லாம் நாமளேதான்!"

"அம்மா ஊட்ட மாட்டாங்களா?"

"ஊட்டுறதுன்னா என்ன?"

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து அலகைத் திறந்தது. குமிழி தலையை உள்ளே விட்டதுதான் தாமதம், நரான் புல்லில் புரண்டு புரண்டு சிரித்தது. "இவ்வளவு பெரிய உடம்பு! இன்னும் அம்மா வாய்க்குள்ளேயா!"

குமிழி வெடுக்கென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டது.

"யம்மா! நானும் குதிக்கப் போறேன்!"

"ஏட்டி, கிறுக்கா உனக்கு? அதுங்க பொறக்கும்போதே பஞ்சு மாதிரி. விழுந்தா உருண்டு எழும்பிரும். நீ கல்லு கணக்கா கனக்கே! றெக்கை முளைக்கட்டும்!" என்று அதட்டிவிட்டு அம்மா மீனுக்குப் பறந்தது.

குமிழி கிளை நுனிக்கு வந்தது. ஒரே குதூகலம்! "நரான், என்னைப் பாரு!"

தொப்!

சேற்றில் விழுந்த குமிழியால் எழ முடியவில்லை. புதருக்குள் படுத்திருந்த நரி எழுந்து நின்றது.

"ஓடு குமிழி, ஓடு!" என்று நரான் அலறியது.

"நான் நடந்ததே இல்லையே!"

நரானின் சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு சிறகைத் தொங்கவிட்டு, நொண்டி நொண்டி நரியின் முன்னால் போனது. "ஐயோ, என் றெக்கை ஒடிஞ்சுபோச்சே!"

நரிக்கு வாயூறியது. குஞ்சை விட்டுவிட்டு வாத்தின் மேல் பாய்ந்தது. நரான் சட்டென்று எழும்பிப் பறந்தது. நரியின் வாயில் இரண்டு வால் இறகுகள்தான் மிச்சம்!

அதற்குள் குமிழி வயிற்றால் தவழ்ந்து தண்ணீரைத் தொட்டது. என்ன அதிசயம்! உடம்பு மிதந்தது! கால்கள் தாமாகவே துழாவின. அம்மாவும் மற்ற கூழைக்கடாக்களும் பறந்து வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டன. அம்மா திட்டியது, அழுதது, பிறகு அலகைத் திறந்தது.

நரான் மெல்ல அருகே நீந்தி வந்தது. "உன்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கக் கூடாது, குமிழி. உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். என்கூடக் குதிச்ச தங்கச்சி எழுந்திருக்கவே இல்ல. எங்க பாறை மேல தீனி கிடையாது. அதனாலதான் குதிக்கிறோம். அங்க இப்படி ஊட்ட ஆள் இருந்திருந்தா, அவளும் என்கூட இங்க வந்திருப்பா."

குமிழி நரானின் பக்கத்தில் போய் மிதந்தது.

சில மாதங்கள் கழித்துக் கோடை வெயில் ஏறியதும் வாத்துகள் வடக்கே கிளம்பின. அன்று குமிழியும் முழுச் சிறகை விரித்துக் குளத்தின் எல்லைவரை நரானோடு பறந்தது!

அயல்நாட்டுப் பிள்ளை வளரும் விதத்தைப் பார்த்து வியக்கலாம், ஆனால் அது எதனால் அப்படி வளர்கிறது என்று அறியாமல் அதைப் போலக் குதிக்கவும் கூடாது, நம்மைப் போல இல்லையே என்று சிரிக்கவும் கூடாது.