பூதம் சொன்ன 'போயிட்டு வா'

முன்னொரு காலத்தில் கொன்றையூரை மருதவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று கேட்பார், மதியம் வேறொன்று கேட்பார். ஒருநாள், "பூதமலைத் தேன் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார்.

மந்திரி மாறையர்மேல் வெகுநாளாக வயிறெரிந்தவன் தளவாய் பேரையன். உழைக்காமல் மேலே ஏறப் பார்க்கிற ஜாதி. "மந்திரியை அனுப்புங்கள் அரசே! வழிகாட்ட என் ஆள் சடையன் இருக்கிறான். ஏழு நாளில் திரும்பாவிட்டால் அந்தப் பதவியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

சடையன் ராஜாவைக் கும்பிட்டு, "மந்திரி ஐயாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்" என்றான். மாறையருக்கு மட்டும் சுருக்கென்றது. 'கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்று இவன் சொல்லவில்லையே!

வழியில் கொதிக்கிற ஆறு. "இறங்குங்க ஐயா, வெதுவெதுப்பா இருக்கும்" என்றான் சடையன்.

"முதல்ல நீ குளிச்சுக் காட்டப்பா."

சடையன் முனகிக்கொண்டே பாலத்தைக் காட்டினான்.

மூன்றாம் நாள் மலையுச்சிக் குகை. பனைமர உயரத்தில் பூதம் வழிமறித்தது. "இவர்தான் உனக்கு!" என்று மாறையரை முன்னே தள்ளினான் சடையன்.

பூதம் ஆளைத் தின்னும். ஆனால் சொன்ன சொல் மாறாது. மாறையருக்கு அது தெரியும். கும்பிட்டு, "சௌக்கியமா இருக்கீங்களா? குழந்தைகள் நல்லா இருக்காங்களா?" என்றார்.

நூறு வருஷமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. பூதம் உருகிப்போய் உட்காரவைத்து, ஒரு குடம் தேனும் கொடுத்தது. மூத்த மருமகளைப் பற்றி நெடுநேரம் குறைசொன்னது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாறையர் குடத்தோடு எழுந்தார்.

"நேரமாச்சுங்க. போயிட்டு வரேன்."

"சரிப்பா, போயிட்டு வா" என்றது பூதம், பழக்கதோஷத்தில். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. "டேய்! எப்போ வருவே?"

"அதை நான் சொல்லலையே!" மாறையர் பாதி மலை இறங்கியிருந்தார்.

"நானும் போறேன்!" என்று அலறினான் சடையன்.

"போறேன்னா சொல்றே? நல்ல வார்த்தை வர்றவரைக்கும் இங்கே தண்ணி சுமடா!"

ஏழாம் நாள் ராஜா தேனில் விரலைவிட்டபடி கதையைக் கேட்டுச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மாறையர் கழுத்தில் போட்டார். பேரையன் மெதுவாக எழுந்தான்.

"அப்படியானால் நான் போய்விட்டு வருகிறேன் அரசே."

"போ" என்றார் ராஜா.

மீதியையும் சொல்வார் என்று பேரையன் நின்றுகொண்டே இருந்தான். ராஜா விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.