வார்த்தை வரலையே

ஈசோப்பு என்பது பாளையங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ராக் இசைக்குழு. பாட்டெல்லாம் ஆண்டவருக்கு, சத்தமெல்லாம் ஊருக்கு என்று சபையில் கிண்டல் செய்வார்கள். பேஸ் கிதார் வாசிக்கும் பியூலாதான் குழுவுக்குக் குரு. குணசிங் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயதில் பியூலாவிடம் போய் எலக்ட்ரிக் கிதார் கற்றுக்கொண்டார். சீடர் குருவை ‘சிஸ்டர்’ என்பார். குரு சீடரை ‘அண்ணே’ என்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வாலிபர் பண்டிகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சிஸ்டர், அந்தப் பாட்டை இனி நான் பாட மாட்டேன். பாடணும்னா மொதல்ல மைக்கைக் குடுங்க, அதுக்கு அர்த்தம் சொல்லிட்டுப் பாடுதேன்.”

“எந்தப் பாட்டுண்ணே?”

“வார்த்தை வரலையே.”

அது குணசிங் எழுதிய பாட்டு. அவர் மனைவி வினோலா ஆலயப் பாடகர் குழுவில் இருபது வருஷம் ஆல்டோ என்னும் கீழ்க்குரலில் பாடியவர். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அன்று குணசிங் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்: ‘உமக்கு நன்றி சொல்ல ஒரு வார்த்தையும் வரலையே.’

கோபத்தில்தான் எழுதினார். உயிரோடு விட்டாரே, நன்றி சொல்லு என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவருக்கு வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான்.

ஆனால் நன்றி சொல்ல வார்த்தையே வரவில்லை என்று ஒருவர் சொன்னால் தமிழில் என்ன அர்த்தம்? நெஞ்சு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சபையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அந்த வரி வந்ததும் கையைத் தூக்குகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், ஸ்தோத்திரம் என்று சத்தம் போடுகிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கும் அதைப் பாடச் சொல்லிப் போதகர் கேட்டிருந்தார்.

“நான் ஆண்டவர்ட்ட சண்டை போட்டிருக்கேன். இவிய அதுக்கு அல்லேலூயா சொல்லுதாவ. பொய் சொல்லிட்டு நிக்க மாதிரி இருக்கு, சிஸ்டர்.”

பியூலா வயரைச் சுருட்டி முடித்தார்.

“அறுப்பின் பண்டிகைக்கு நீங்க மேடை ஏற வேண்டாம். வினோலா மைனி பக்கத்துல உக்காருங்க.”

“அர்த்தத்தை யாரு சொல்லுவா?”

“மொதல்ல உக்காருங்க.”

பண்டிகையன்று ஆலயத்தின் முன்னால் பூசணிக்காயும் வாழைத்தாரும் காணிக்கையாகக் குவிந்து கிடந்தன. பியூலா பேஸை வைத்துவிட்டு குணசிங்கின் கிதாரை எடுத்துக்கொண்டு பாடினார். குணசிங் பல வருஷத்துக்குப் பிறகு சபையோடு உட்கார்ந்திருந்தார். கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வரி வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். குணசிங் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். வினோலா இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாக அசைந்தன. ஆல்டோ இறங்கும் இடத்தில் தாடையையும் கொஞ்சம் இறக்கினார். சத்தம் மட்டும் இல்லை.

பாட்டு முடிந்ததும் குணசிங் குனிந்து கேட்டார். “நீ இதை என்ன அர்த்தத்துல பாடுன?”

வினோலா கைப்பையில் இருந்த குட்டி நோட்டில் எழுதிக் காட்டினார்.

‘எனக்கு நெஜமாவே வார்த்தை வராதுல்லா. ஆனா இருக்கேன்லா. இன்னைக்கு நீங்களும் பக்கத்துல இருக்கிய.’

குணசிங்குக்கு அழுகை வந்தது. மூன்று வருஷமாக வராத நன்றி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. இவள் இருக்கிறாளே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போதும் கோபம் போகவில்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். பியூலா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நன்றி வந்துட்டு, சிஸ்டர். நெறையவே வந்துட்டு. ஆனா அவ குரல் போன கோவமும் அப்படியே இருக்கு. ரெண்டையும் வச்சிக்கிட்டு அந்த வரிய நான் எப்படிப் பாட?”

பியூலா தோளிலிருந்து கிதாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“வரிய மைனிக்கு விட்டுருங்கண்ணே. கோவத்துக்குத்தான் கிதார் இருக்குல்லா.”