கௌசலாவின் ‘போவம்’

"குருவே, என்னை எப்ப மேலை கூட்டிக்கொண்டு போவியள்?" என்று கேட்டான் வாகீசன்.

ஆரணி குனிந்து தன் ஸ்னோஷூவின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். முறம்போல அகலமான தட்டு அது. அதைக் காலில் கட்டாமல் அந்த மலைப் பனியில் இறங்கினால் ஆள் இடுப்புவரை புதைந்துபோய்விடுவான்.

"நாலு சனிக்கிழமை," என்றான் வாகீசன். "நாலு தரமும் பாதி வழியிலை திரும்பினம். மேல் ஏரியை நான் படத்திலைதான் பாத்திருக்கிறன்."

ஆரணி மற்றக் காலின் வாரை இறுக்கினாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. இவனுக்கு நாற்பத்துமூன்று. கல்கரியில் பஸ் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும், இவன் முழங்கால் நிற்காது. ‘குருவே’ என்று அவளைக் கூப்பிடுவது பகிடிக்கு.

பகிடி இல்லாத விஷயம் ஒன்று அவள் கையில் இருந்தது. மார்ச் மாதம் அவள் மூன்று பேரைக் கணவாய்க்கு அப்பால் மூன்று நாள் நடையாகக் கூட்டிப்போகிறாள். சிவகரனுக்கு இடம் கிடைத்துவிட்டது. கௌசலாவுக்கும் கிடைத்துவிட்டது. மூன்றாவது இடம் யாருக்கு என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

வாகீசன் அந்த இடத்துக்காக நித்திரையிலும் நடந்துகொண்டிருந்தான்.

"பீக்கனைப் போடுங்கோ," என்றாள் ஆரணி.

பனிச்சரிவில் புதைந்த ஆளைக் காட்டிக்கொடுக்கிற கருவி அது. நாலு பேரும் நெஞ்சில் கட்டியிருந்தார்கள். ஆரணி ஒவ்வொருவராகப் போய்ப் பரிசோதித்தாள்.

"பீப்," என்றது சிவகரனின் பீக்கன்.

"பீப்," என்றது கௌசலாவினுடையது.

"பீப்," என்றது வாகீசனின் வாய்.

சிவகரன் சிரித்தான். ஆரணி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. திரும்பப் போய் முதலிலிருந்து பரிசோதித்தாள்.

ஆரணியிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம். ஆபத்தான சரிவு வந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். புதிதாய் வந்தவரில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் "போவமா?" என்று கேட்பாள். தன் சொல்லைக் கடைசியில் சொல்வாள். ஒருவர் "திரும்புவம்" என்றால் போதும், எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது.

பகிடி பண்ணுவதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

அது வாகீசனுக்கு வாய்ப்பாய்ப் போயிற்று. பஸ்ஸில் சில்லறை தேடுகிற பெரியவர், கைபேசியில் காதலியிடம் கெஞ்சுகிற பொடியன், கதவு மூடும்போது வருகிற புஸ்ஸ், எல்லாம் அவன் வாய்க்குள் குடியிருந்தன. போன சனிக்கிழமை "திரும்புவம்" என்று சொன்னவள் கௌசலா. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மெல்லிய குரல், வசனம் முடிகிற இடத்தில் கொஞ்சம் நடுங்கும். வாகனம் நிற்கிற இடம்வரை ஒன்றரை மணித்தியாலம் வாகீசன் அந்தக் குரலிலேயே கதைத்துக்கொண்டு வந்தான்.

"எனக்கு மனசுக்குப் பிடிக்கேல்லை... அந்த மரம் என்னை முறைக்குது... இந்தப் பனி கொஞ்சம் வெள்ளையாக் கிடக்குது... திரும்புவம்..."

சிவகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கௌசலாவும் சிரித்தாள்.

ஆரணி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

இன்று வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. காற்று இல்லை.

"இண்டைக்கும் திரும்பினமெண்டால் நான் ஏரியை வீட்டுக்கு வரச்சொல்லப்போறன்," என்றான் வாகீசன்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் கடைசியா வாங்கோ," என்றாள் ஆரணி.

"கடைசியோ? என்ரை பஸ்ஸிலை நான்தான் முன்னுக்கு இருக்கிறனான்."

"இது பஸ் இல்லை."

நடந்தார்கள். முன்னால் ஆரணி பாதை மிதித்தாள். பிறகு சிவகரன், பிறகு கௌசலா. வாகீசனுக்கு ஏற்கெனவே மூன்று பேர் மிதித்த தடம். அதில் கால் வைப்பது அவனுக்கு அலுத்தது. கையுறையைக் கழற்றினான், போட்டான். ஊன்றுகோலால் பனியைக் குத்தினான். இரண்டு தரம் கௌசலாவின் ஸ்னோஷூவை மிதித்தான்.

"அண்ணை, என்ரை வாலை மிதிக்கிறியள்."

"வால் உள்ள ஆக்கள் கெதியா நடக்கவேணும்."

காட்டு விளிம்பு நெருங்கியது. சிவகரன் ஏற்றத்தில் மூச்சு வாங்கினான். வாகீசன் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஹஃப், ஹூஃப், ஹஃப், பழைய லொறி ஒன்று மேட்டில் ஏறுகிற மாதிரி.

கௌசலா சட்டென்று நின்றாள். தன் காலைப் பார்த்தாள்.

"என்ன நிக்கிறீர்?"

அவள் மெல்லத் திரும்பினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"பனி உம்மோடை கதைச்சதோ?" என்று வாகீசன் கேட்டான், அவளுடைய குரலில், கடைசி நடுக்கத்தோடு.

"ஒண்டுமில்லை," என்று அவள் நடந்தாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் காடு முடிந்தது. முன்னால் மொட்டைச் சரிவு. ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை, ஆரும் கால் வைக்காத வெள்ளை. அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் மேல் ஏரி.

ஆரணி நின்றாள். எல்லோரும் நின்றார்கள்.

"கடக்கிறதெண்டால் ஒராள் ஒராளாத்தான். ஒராள் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் அடுத்த ஆள். வாகீசண்ணை, போவ..."

"போவம்."

"சிவகரன் அண்ணை?"

"போவம்."

"கௌசலா அக்கா, போவமா?"

கௌசலா சரிவைப் பார்த்தாள். வந்த வழியைப் பார்த்தாள். பிறகு வாகீசனின் முகத்தைப் பார்த்தாள். அவனுடைய உதடுகள் ஏற்கெனவே அவள் குரலுக்கு ஆயத்தமாகிக் குவிந்திருந்தன. அது அவனுக்கே தெரியாது.

"போவம்," என்றாள்.

வாகீசன் ஊன்றுகோலை உயர்த்தினான்.

ஆரணி திரும்பினாள். வந்த தடத்தில் கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"குருவே, எங்கை போறியள்?"

"கீழை."

"மூண்டு பேரும் போவம் எண்டிட்டம்."

"ஓம்."

"அப்ப நீங்கள்தான் திரும்புவம் எண்டு சொல்லுறியள்."

"நான் இன்னும் என்ரை சொல்லைச் சொல்லேல்லை."

"பின்னை ஆர் சொன்னது?"

"கௌசலா அக்கா."

"அவ போவம் எண்டவ. என்ரை ரண்டு காதாலையும் கேட்டனான்."

ஆரணி நின்றாள். "சரிவைப் பாத்தோ சொன்னவ?"

வாகீசன் ஊன்றுகோலைப் பனியில் குத்தினான். பிடுங்கினான். குத்தினான். கௌசலாவிடம் திரும்பினான்.

"நீர் சொல்லும். என்ன நடந்தது?"

"காட்டு விளிம்பிலை வரேக்கை," என்றாள் கௌசலா, "காலுக்கடியிலை ஊம்ஃப் எண்டது. முழுப்பனியும் ஒருக்காக் கீழை இறங்கினமாதிரி."

சிவகரன் சரிவைப் பார்த்தான். மூன்று அடி பின்னால் வந்தான். முதல் சனிக்கிழமையே ஆரணி படிப்பித்திருந்தாள்: அந்தச் சத்தம் கேட்டால் அடியில் ஓர் அடுக்கு இடிந்துபோயிற்று, மேலே உள்ளது எந்த நேரமும் வழுக்கிக்கொண்டு வரும், கேட்டவர் உடனே சொல்ல வேண்டும்.

"அந்த நேரமே ஏன் சொல்லேல்லை? செத்திருப்பம்," என்றான் வாகீசன்.

கௌசலா அவன் வாயைப் பார்த்தாள்.

இறங்கினார்கள். இந்தமுறை ஒன்றரை மணித்தியாலமும் பனியில் தட்டு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாகீசன் ஒருதரம் தொண்டையைச் செருமினான். முன்னால் போன கௌசலாவின் தோள் இறுகியது. அதற்குப் பிறகு அவன் செருமவும் இல்லை.

வாகனத்தடியில் ஆரணி பனி தோண்டுகிற சவள்களை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். வாகீசன் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கால் மாற்றி நின்றான்.

"மார்ச்சுக்கு எனக்கு இடமில்லை, என்ன?"

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ."

"பின்னை ஆரிட்டைக் கேக்கிறது?"

ஆரணி கடைசிச் சவளை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"கணவாயிலை உங்களுக்கு முன்னாலை நடக்கப்போறவவிட்டை."

வாகனத்தின் மற்றப் பக்கத்தில் கௌசலா ஸ்னோஷூவைத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தாள். வாகீசன் சுற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் நின்றான். பிறகு போனான்.

"மார்ச்சிலை நானும் வரட்டோ?"

கௌசலா தட்டுவதை நிறுத்தினாள்.

"வேண்டாம்," என்றாள். வசனத்தின் கடைசி நடுங்கியது.

அந்த நடுக்கம் அப்படியே, ஒரு துளி பிசகாமல், வாகீசனின் தொண்டைக்கு வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது. சிவகரன் சிரிக்க ஆயத்தமாக இந்தப் பக்கம் திரும்பினான்.

வாகீசன் குனிந்தான். தன் வாரைக் கழற்றத் தொடங்கினான். விரல்கள் விறைத்திருந்தன. கொழுக்கி மூன்று தரம் வழுக்கியது.

"சரி," என்றான்.

கௌசலா காத்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு காலைக் கழற்றினான். மற்றக் காலைக் கழற்றினான். அவன் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

"வாகீசண்ணை," என்றாள் கௌசலா. "இன்னொருக்காக் கேளுங்கோ."